பருப்பு வேகும் நாள்

யாராவது வீட்டுக்கு வந்தால் மணியக்காரம்மா முதலில் எதையாவது மறைப்பார். அதற்குப் பிறகுதான் ‘வாங்க’ என்பார். கொடியில் தொங்கும் கிழிந்த துண்டு, வாசலில் காயும் வறட்டி, கூடத்து மூலையில் இருமிக்கொண்டிருக்கும் மாமனார், எதுவாக இருந்தாலும் வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்வதற்குள் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போயிருக்கும். மாமனாரைக் கட்டிலோடு பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். கிழவர் ஆட்சேபிக்கவில்லை. பழகியிருந்தார்.

“வர்றவங்க பாத்தா இன்னா நெனைப்பாங்க?” இது அவர் வாயில் எந்நேரமும் இருந்த வாக்கியம். கோபத்தில் சொல்லமாட்டார். உண்மையிலேயே பதில் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்பார்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கணவர் கிராம முன்சீப், அதாவது மணியக்காரர். ஆகவே அவர் மணியக்காரம்மா. பிற்பாடு ஓர் ஆணையில் அரசாங்கம் மணியக்காரர்களை எல்லாம் ஒழித்தது. மணியக்காரம்மாவை ஒழிக்க ஆணை ஏதும் வரவில்லை என்பதால் அவர் அப்படியே நீடித்தார்.

எழுபதுகளில் ஆற்று நீரைச் சோதிக்கும் ஓர் அலுவலகத்தில் நான் இளநிலை ஆய்வாளன். திருவண்ணாமலையில் தேரடிக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து அலுவலகம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். சமையலறைதான் சோதனைக்கூடம். துரிஞ்சலாற்றில் சில இடங்களைக் குறித்துக்கொண்டு, வருஷக்கணக்கில் அதே இடத்தில், அதே முறையில் தண்ணீர் எடுப்பது எங்கள் வேலை. பாட்டிலை அந்தத் தண்ணீரிலேயே மூன்று முறை அலச வேண்டும். வாயை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, குமிழி இல்லாமல் நிரப்ப வேண்டும். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சோடாக் கடையில் வாங்கி வந்த ஐஸ்கட்டியோடு மரத்தூளில் புதைத்து அலுவலகத்துக்குக் கொண்டுவர வேண்டும். கரையில் ஒரு மரச்சட்டத்தைக் கிடத்தி, அதற்குள் என்னென்ன செடி முளைத்திருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். நீர் உப்பாக மாறினால் நாக்குக்கு முன்னால் செடிக்குத் தெரிந்துவிடும். புல் போய்விடும். சாம்பல் பூத்த, தடித்த இலையுள்ள ஒரு செடி வரும். கடலோரத்தில் உமரி என்பார்களே, அதற்குத் தங்கை முறை.

மணியக்காரம்மாவின் ஊரில் எங்கள் இடம் ஒன்று இருந்தது. கீழ்பென்னாத்தூர் பேருந்தில் போய், இறங்கி, வயல்வழியே நடந்தால் வரும். அதற்குச் சற்று மேலே ஒரு தோல் வியாபாரி கொட்டகை போட்டிருந்தார். பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு அடுக்கிவைத்து, பிறகு கழுவி, அந்தக் கழுநீரை ஆற்றில் விடுவார். கோடையில் ஆறு என்பது மணலும் ஒரு வாய்க்கால் தண்ணீரும்தான். அந்த மணலில் ஊற்றுத் தோண்டித்தான் ஆற்றங்கரைத் தெருக்காரர்கள் குடித்தார்கள். அவர்களுக்கு வேறு கிணறு இல்லை. மேட்டில் இருந்த மணியக்காரர் கிணற்றில் நல்ல தண்ணீர். கேட்டு வந்தவர்களுக்கு அந்த அம்மா இல்லையென்று சொன்னதில்லை. ஆனால் கேட்டு வர வேண்டும்.

ஆகையால் அந்த இடத்து முடிவுகள் மோசமாக இருக்கும் என்று எதிர்பார்த்தோம். இல்லை. வருஷா வருஷம் இளநீர் மாதிரி இருந்தன. சட்டத்துக்குள் அருகம்புல் தளதளவென்று நின்றது. எங்கள் மேலதிகாரி ஒரு தடவை அறிக்கையில் ‘ஆறு தன்னைத் தானே தூய்மை செய்துகொள்கிறது’ என்று எழுதினார். அவருக்கு அந்த வாக்கியத்தின் மேல் பிரியம் உண்டாகிவிட்டது. மற்ற இடங்களின் அறிக்கையிலும் அதை நுழைக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஊருக்குப் போவது எங்களுக்கும் பிடித்திருந்தது. ஆற்றுக்கு இறங்கும் பாதை பெருக்கியிருக்கும். கரையில், நான் தண்ணீர் எடுக்கும் கல்லுக்கு முன்னால் கோலம் போட்டிருக்கும். அரசு வேலையில் என் காலுக்குக் கீழே கோலம் போடப்பட்ட ஒரே இடம் அது. வேலை முடிந்தால் மணியக்காரர் வீட்டில் காப்பியும் முறுக்கும். சாப்பிடாமல் எழுந்தால் அந்த அம்மா முகம் சுண்டிவிடும்.

ஒன்று மட்டும் சற்று விநோதமாக இருந்தது. நான் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் கீழே, ஆற்றங்கரைத் தெருப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். நான் எழுந்ததும் இறங்கி மொண்டுகொள்வார்கள். கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் போல ஒரே சிரிப்பு.

“இன்னாம்மா, இன்னிக்கு இவ்ளோ கூட்டம்?” என்று ஒரு தரம் கேட்டேன்.

“நீங்க வர்ற நாளுதான் சார் எங்க ஊட்ல பருப்பு வேகுது” என்றாள் வரிசையில் மூத்தவள்.

“அவ்ளோ ராசியா நான்?”

“உங்க ராசி எங்களுக்கு இன்னா தெரியும்? பருப்பு வேகுது. அவ்ளோதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உப்பேறிய தண்ணீரில் பருப்பு வேகாது என்பது நான் பரீட்சை எழுதித் தேறிய பாடம்.

மணியக்காரம்மாவை ஊருக்கு வெளியே ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். அன்று பௌர்ணமி. திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். மஞ்சள் பை ஒன்றை இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்தார். பைக்குள்ளிருந்து செருப்பின் அறுந்த வார் எட்டிப் பார்த்தது. என்னைக் கண்டதும் அதை உள்ளே தள்ளினார்.

“என்னம்மா, வெறுங்காலா நிக்கிறீங்க?”

ஒரு நொடிதான் யோசித்தார். “மலை சுத்தலாம்னு வந்தேன் சார்.”

“இந்த வெயில்லயா? எல்லாரும் சாயங்காலம்ல சுத்துவாங்க?”

“வேண்டுதலு.”

நல்லது என்று சொல்லிவிட்டு நான் என் வேலைக்குப் போனேன். பிற்பகலில் அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது அவர் எதிரே வந்தார். தார் ரோட்டில், பாதம் பொத்துப்போய், கால் மாற்றி மாற்றி வைத்து நடந்துகொண்டிருந்தார். மஞ்சள் பை அதே இடுப்பில். ஊருக்குப் பேருந்து ஏற வந்தவர், செருப்பு அறுந்ததை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் சொன்ன பொய்யை மெய்யாக்குவதற்காக மலையைச் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை.

அந்த மனுஷியின் குணம் அவ்வளவும் அந்த நடையில் இருந்தது. அப்போதே எனக்கு எல்லாம் விளங்கியிருக்கலாம். விளங்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆற்றங்கரைத் தெருக்காரர்கள் குடிநீர்க் குழாய் கேட்டு மனுப் போட்டார்கள். தெருவில் பத்தாவது படித்த ஒரு வாலிபன் முன்னால் நின்று நடத்தினான். ஊரே திரண்டு திருவண்ணாமலைத் தாலுக்கா அலுவலகத்துக்கு வந்தது. பெரிய தெரு, சின்னத் தெரு என்று பார்க்காமல் ஒரே லாரியில் வந்தார்கள். மணியக்காரருக்கு உடம்பு சரியில்லாததால் அந்த அம்மாவே ஊருக்குப் பெரியவராக வந்து தாழ்வாரத்துத் தூணோரம் நின்றார்.

குழாய் தர வேண்டுமானால் இருக்கும் நீர் கெட்டது என்று நிரூபணம் வேண்டும். விசாரித்த அதிகாரி எங்கள் அலுவலகத்தைக் கேட்டார். வருஷ வாரியான முடிவுகளை நான்தான் வாசித்தேன். என் குரல் நன்றாக இருக்கும் என்று மேலதிகாரிக்கு ஓர் எண்ணம். வாசித்து முடித்ததும் அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னப்பா இது? இந்தத் தாலுக்காவிலேயே உங்க ஊர்த் தண்ணிதான் ஒசத்தின்னு இருக்கு. உங்களுக்கு எதுக்குக் குழாய்?”

வாலிபன் என்னைப் பார்த்தான். “இவரு ஆத்துப் பக்கமே வந்திருக்க மாட்டாரு சார். ஆபீஸ்ல உக்காந்து பைப்புத் தண்ணியப் புடிச்சு எழுதிட்டாரு.”

“தம்பி, வார்த்தைய அளந்து பேசு” என்றார் என் மேலதிகாரி.

“எதுக்கு அளக்கணும்? எங்க தெருவுல வந்து ஒரு சொம்பு குடிங்க. அப்புறம் அளக்கறேன்.”

கூச்சல் எழுந்தது. லாரியில் வந்த ஆண்கள் எல்லோரும் என்னைச் சுட்டிக் கையை நீட்டினார்கள். மனு தள்ளுபடி ஆகும் என்பது தெரிந்துவிட்டது. அதிகாரி பேனாவைத் திறந்துவிட்டார்.

“அவரு வந்தாரு.”

மணியக்காரம்மா தூணைவிட்டு அறை வாசலுக்கு வந்திருந்தார். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்ததால் முதலில் யார் பேசியது என்றே தெரியவில்லை.

“அவரு ஒழுங்காத்தான் வந்தாரு சார். அவரு எழுதுனதும் சரிதான். நாந்தான் நம்ம கெணத்துத் தண்ணிய உட்டேன்.”

அதிகாரிக்குப் புரியவில்லை. “என்னம்மா சொல்றீங்க?”

“ஆபீசருங்க வர்றாங்கன்னு முன்னாடியே கடுதாசி வந்துடும். மொத நாளு தோலு கொட்டாயிக்காரங்ககிட்ட சொல்லித் தண்ணி உடாம நிறுத்திடுவேன். ராவோட ராவா மோட்டாரப் போட்டு, வாய்க்கா வெட்டி, கெணத்துத் தண்ணிய அந்தக் கல்லாண்ட உட்ருவேன். அந்த உப்புச் செடி பாக்க அசிங்கமா இருக்கும். அத்தப் புடுங்கிட்டு எங்க வரப்புப் புல்லைப் பேத்தாந்து வெச்சு அமுக்கிடச் சொல்வேன்.”

“எதுக்கும்மா?”

“ஊருக்கு வந்தவங்களுக்கு நாத்தத் தண்ணியக் குடுக்கறதா சார்? யாராவது ஒருத்தரு வாயில வெச்சுத்தானே பாப்பாங்க?”

அறை முழுக்கச் சிரித்தது. அதிகாரி சிரித்தார், மேலதிகாரி சிரித்தார், ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த லாரி டிரைவர்கூடச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நல்ல குணத்தால் அல்ல. எங்கள் படிவத்தில் ‘சுவை’ என்று ஒரு கட்டம் உண்டு. யாரும் வாயில் வைத்துப் பார்த்ததில்லை. எல்லா வருஷமும் ‘ஏற்கத்தக்கது’ என்று எழுதியிருந்தோம். அந்த அறையில் அந்தக் கட்டத்தை மதித்த ஒரே ஆள் அவர்தான்.

முன்கூட்டியே கடிதம் அனுப்புவதும் விதிதான். பயணத் திட்டத்தின் ஒரு பிரதி கிராம முன்சீப்புக்கு, ‘தக்க ஒத்துழைப்பு நல்கும் பொருட்டு’. அந்த அம்மா நல்கினார்.

சிரிப்பு ஓய்ந்தபோது, ஆற்றில் குடத்தோடு வரிசையில் நிற்பாளே, அந்த மூத்தவள் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

“ஆபீசருக்கு உட்ட தண்ணிய எங்களுக்கு உட்டிருக்கலாம்லம்மா. எங்களைப் பாத்தா வெக்கம் வரலியா உங்களுக்கு?”

மணியக்காரம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். வெளியிலிருந்து வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டவர். பக்கத்துத் தெருக்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்ற கேள்வி அவருக்கு அன்றுதான் முதன்முதலாக வந்தது போலிருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் கையிலிருந்த தாள்களை ஒழுங்குபடுத்தினேன். அவை ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தன.

மனு தள்ளுபடி ஆகவில்லை. மறுபடி சோதித்துப் பார்க்கட்டும் என்று ஒத்திவைத்தார்கள். எங்களுக்கு ஒரு புதிய விதி வந்தது. இனி எந்த ஊருக்கும் முன்னறிவிப்பு இல்லாமல் போக வேண்டும். பழைய முடிவுகளை அழிக்க விதி இடம் தரவில்லை. ஆகவே மேலதிகாரி ஓர் அடிக்குறிப்பு எழுதினார். அந்த அம்மாவின் இத்தனை வருஷத்து மரியாதை எங்கள் ஆவணங்களில் ‘உள்ளூர்க் குறுக்கீடு’ ஆயிற்று. ஊரில் அவருக்கு ‘மோட்டாரம்மா’ என்று பேர் வைத்துவிட்டார்கள். அரசாங்க ஆணையால் போகாத பழைய பேர் ஒரே வாரத்தில் போய்விட்டது.

புதிய விதிப்படி நான் போன முதல் நாள், ஆறு தன் சொந்த முகத்தோடு இருந்தது. நாற்றம் வயலிலேயே வந்து எதிர்கொண்டது. சாம்பல் நிற நுரை கல்லைச் சுற்றி நின்றது. கரை முழுக்க அந்தத் தடித்த செடி. கோலம் இல்லை. கல்லின் மேல் மட்டும் ஒரு பித்தளைச் சொம்பு, ஆமணக்கு இலையால் மூடியபடி. பக்கத்தில் மடித்த வெள்ளைத் துண்டு.

கூட வந்த தலையாரியைக் கேட்டேன். அவர் பதவியை ஒழிக்கவும் ஆணை வரவில்லை, அவரும் நீடித்தார்.

“யாருது இது?”

“மோட்டாரம்... மணியக்காரம்மாதுதான் சார். நீங்க கை கழுவிக்கறதுக்கு. இந்தத் தண்ணியில கைய உடுறீங்கல்ல?”

“நான் இன்னிக்கு வர்றது அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது சார். தெரியாதுன்னுதான் தெனமும் வெக்கிறாங்க. காலையில கொண்டாந்து வெச்சுட்டுப் பொழுது சாய எடுத்துட்டுப் போவாங்க. பசங்க பின்னாடியே போயிக் கிண்டல் பண்றானுங்க. வாயத் தொறக்கறதில்ல.”

“மோட்டார்?”

“மோட்டாரு இப்போ தெனமும் ஓடுது. ஆத்துக்கு இல்ல, ஆத்தங்கரைத் தெருத் தொட்டிக்கு. கரண்டு இருக்கற வரைக்கும்.”

அந்தச் சொம்புத் தண்ணீரில் கை கழுவினேன். துண்டில் துடைக்கவில்லை. அவ்வளவு வெளுப்பாக இருந்தது.

புதிய முடிவுகள் மேலே போயின. நாங்கள் எழுதிய எண்களைக் கண்டு மனு எழுந்து நடந்தது. அரசாங்கத்தின் நடை எப்படியோ அப்படி நடந்து, ஆற்றங்கரைத் தெருவுக்குக் குழாய் வந்தது. தோல் கொட்டகை வேறெங்கோ போயிற்று. ஆனால் மண்ணில் ஏறிய உப்பு லேசில் இறங்காது; வருஷக்கணக்கில் பார்க்க வேண்டும் என்று எழுதியவர்கள் நாங்களேதான். ஆகவே போய்க்கொண்டிருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, சொல்லாமல். ஒவ்வொரு தடவையும் சொம்பு இருந்தது. அந்த அம்மா மட்டும் கண்ணில் படவே இல்லை. அவர் வீட்டைத் தாண்டும்போது கதவு சாத்தியிருக்கும்.

ஓய்வு பெற்று, திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் மனை வாங்கிக் குடியேறிவிட்ட இந்தக் காலத்திலும், காலையில் குழாயைத் திறக்கும்போது சில நாள் அந்தக் கணக்கு வந்து நிற்கிறது. நான் போகாத நாட்களின் கணக்கு. அத்தனை நாளும் ஒருத்தி சொம்பைச் சுமந்து வயல்வழியே நடந்து, வைத்துவிட்டு, மாலையில் தொடாத தண்ணீரைக் கொட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறாள். அவளைப் பிடிப்பதற்காகப் போட்ட விதி அது.

வேலையில் இருந்த நாளிலேயே ஒரு தடவை அந்த விதியை மீறினேன். இன்ன கிழமை வருகிறேன் என்று தலையாரியிடம் சொல்லியனுப்பினேன். அனுப்பிவிட்டுப் பயந்தேன். மறுபடி வாய்க்கால் வெட்டியிருப்பாரோ? வரப்புப் புல்லைப் பெயர்த்து வைத்திருப்பாரோ?

வாய்க்கால் காய்ந்து கிடந்தது. மோட்டார்ச் சத்தம் இல்லை. அந்த அம்மா கரையில் நின்றார், கையில் சொம்போடு. கோலம் இல்லை. மறைக்க ஏதும் இல்லாததால் அவருடைய இன்னொரு கை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

“பாத்துக்குங்க சார்” என்றார். “இப்டித்தான் இருக்குது எங்க ஊரு.”

நான் பாட்டிலை மூன்று முறை அலசி நிரப்பினேன். சட்டத்தைக் கிடத்திக் குனிந்தேன். அவர் பக்கத்தில் வந்து பார்த்தார்.

“இதுக்குப் பேரு இன்னா?”

“உமரி வகைம்மா. உப்பு எறங்க எறங்க இது போயிடும். புல்லு வரும்.”

“தானாவா?”

“தானாத்தான்.”

“எம்மாம் நாளாவும்?”

“நம்ம காலத்துல வந்தாச் சரி.”

அவர் தலையாட்டினார். குனிந்து ஓர் இலையைத் தொட்டார், பிடுங்கவில்லை.

படிவத்தில் ‘முன்னறிவிப்பின்றி எடுக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். என் பணிக்காலத்தில் எழுதிய ஒரே பொய் அதுதான் என்று சொல்ல ஆசை. ‘சுவை: ஏற்கத்தக்கது’ குறுக்கே நிற்கிறது.

“கைய நீட்டுங்க” என்றார்.

நீட்டினேன். அவர் மலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினார். நானும் வேறு பக்கம் பார்த்தபடிதான் கழுவினேன்.